நிணநீர்க்கணு அளித்த சான்று

சுவாசப்பையில் தோன்றிய புற்றுநோய் பரவிவிட்டதா என்பதை நெஞ்சறை நிணநீர்க்கணுக்களைக் கொண்டே மருத்துவர் பெரிதும் துணிவர். ஆயின், பருத்த கணுக்கள் யாவும் புற்றுடையன அல்ல. கசநோயும், சார்க்கொயிடோசிசு என்னும் புற்றல்லாத அழற்சியும் அவற்றைப் பருக்கச் செய்யும். 'பெற்' கதிர்ப்படத்திற் புற்றுப் போலவே ஒளிரவும் செய்யும். இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்காது முடிவு கட்டின், அறுவையாற் பிழைக்கக்கூடியவர் அவ்வாய்ப்பை இழப்பர்.

இத்தகைய மயக்கத்திற்கு நம் பகுதியில் ஒரு முன்வரலாறு உண்டு. 1940 இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் கசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமொட்-மொல்லரும் பார்ட்டனும், கசநோயை ஒத்த சுவாசப்பை நோய் ஒன்றினையும் அந்நோயாளரின் குருதியில் இயோசினோபில் கலங்கள் மிக்கிருந்ததையும் எடுத்துரைத்து, அதனைப் போலிக் கசநோய் என்றனர். 1943 இல் வைன்கார்ட்டன் அதற்கு 'அயனமண்டல இயோசினோபிலியா' எனப் பெயரிட்டு, ஆசனிக்கு மருந்தால் அது தீர்வதையும் காட்டினார். காரணம் மட்டும் பிடிபடவில்லை. இலங்கையில் 1944 இல் காட்டர், வெட், டி ஏப்ரேரா ஆகியோர் சளியிற் சிற்றுண்ணிகளைக் கண்டு, அவையே காரணமாகலாம் எனக் கருதினர். கருதுகோள் நிலைக்கவில்லை, எனினும் சளியையே நேரில் துருவிப் பார்த்த அவர்தம் முறை பழிக்கத்தக்கதன்று. 1960 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜோப், கோல்ட் என்னும் மூவர் சுவாசப்பை, ஈரல், நிணநீர்க்கணு ஆகியவற்றின் இழையங்களிற் பைலேரியாப் புழுக்குஞ்சுகளைக் காட்டினர். யானைக்கால் நோயை விளைக்கும் புழுவினமே அது! குருதியில் அவை அகப்படாமைக்கும் விடை கிடைத்தது: உடலின் மிகையான எதிர்ப்பு அவற்றை இழையங்களிலேயே சிறைப்படுத்தி அழித்துவிடுகிறது. சிங்கப்பூரில் தனராஜ் நிகழ்த்திய ஆய்வுகளும் இதற்கு அரண் செய்தன.

மலையகத்திற்கு இதில் என்ன தொடர்பு? நுளம்பு பரப்பும் யானைக்கால் நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கே உரியதாயிருந்தது. நுவரெலியாவின் குளிரில் வேரூன்றவில்லை. 2016 இல் அது இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே அட்டன் லயம் ஒன்றில் இரவெல்லாம் இருமி இளைப்பவரிடம் கசநோயையே முதலில் ஐயுறுவது இயல்பு. ஆனால், தோட்டத்து மக்கள் என்றும் ஓரிடத்தில் நின்றவரல்லர். அவர்தம் முன்னோர் புறப்பட்ட தமிழகத்திலே தஞ்சைப் பகுதி யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. இளையோரோ கொழும்பில் வேலை செய்து மீள்கின்றனர். எங்கெங்கு வாழ்ந்தவர் என்று வினவாது, குருதியையும் சோதியாது விடின், மூன்று கிழமை மாத்திரையில் தணியக்கூடிய நோய்க்கு ஆறு மாதக் கசநோய் மருந்து தரப்படும். செக்ரோலிற் பேர் விழாத நாட்களும் கூடிக்கொண்டே போகும்.