இரண்டு சொட்டு மருந்தும் ஒரு தலைமுறையின் அச்சமும்

2002-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,600 குழந்தைகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அவர்களுள் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள். அம்மாநில மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அவ்வாண்டு அங்கே முடங்கிப்போன குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்கள். மொராதாபாத், மீரட், அலீகர் போன்ற மேற்குப் பகுதி நகரங்களின் நெரிசலான மொஹல்லாக்களில் நோய் வேரூன்றி நின்றது. சொட்டு மருந்து கொண்டு வந்தவர்களைக் கண்டு பல வீடுகளின் கதவுகள் மூடிக்கொண்டன.

மார்க்கப் பற்றும் அறியாமையுமே இதற்குக் காரணம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிட்டனர். மூடிய அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்த வரலாற்றை அறிந்தால் அந்த விளக்கம் போதாது என்பது புலப்படும். அவ்வரலாறு நம் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

அச்சத்தின் வேர்

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஆகிய ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் கட்டாயத்தின் பங்கு பெரிது. 1976 நவம்பரில் ஹரியானாவின் மேவாத் பகுதியில் உள்ள உத்தாவர் என்னும் முஸ்லிம் கிராமத்தைக் காவல்துறை சூழ்ந்துகொண்டு, ஆண்களை வண்டியேற்றிச் சென்றது. அதற்கு முந்தைய மாதம், மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தனர்.

‘நஸ்பந்தி’ என்னும் அந்தச் சொல்லை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, அதே அரசின் ஊழியர்கள் கையில் மருந்துப் பெட்டியுடன் வந்து, ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சொட்டு மருந்து தருவோம் என்றபோது, “இது நம் பிள்ளைகளை மலடாக்கும் மருந்து” என்ற வதந்தி தீப்போலப் பரவியது. வதந்தி பொய்தான். ஆனால் அதை நம்பவைத்த அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததன்று.

தாய்மார் கேட்ட கேள்வி

வேறொரு காரணமும் இருந்தது. நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கின. உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுக்குப் பல முறை மருந்து தரப்பட்டது. ஏழு, எட்டு முறை மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் நோய் வந்தது. அண்டை வீட்டில் அதைக் கண்ட தாய், “மருந்தால் என்ன பயன்?” என்று கேட்டதில் குற்றமில்லை.

இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் முன்பே கிடைத்திருந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தின் மூன்று தவணைகள் போதா என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே கண்டறிந்தார். பின்னாளில் உத்தரப் பிரதேசத்தை ஆராய்ந்தவர்கள், அங்கே ஒரு தவணை தரும் பாதுகாப்பு நாட்டின் பிற பகுதிகளில் கிடைப்பதைவிடப் பாதியளவுகூட இல்லை என்று கண்டனர். நெரிசல், திறந்த சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை மருந்தைக் குழந்தையின் குடலில் வேலை செய்ய விடவில்லை. மலத்தின் வழியாகப் பரவும் அந்தக் கிருமிக்கோ அதே சூழல் வசதியாக அமைந்தது.

அதே மொஹல்லாக்களில் நல்ல குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை, பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ செல்ல அருகில் மருத்துவமனை இல்லை. “என் பிள்ளை பேதியில் துடித்தபோது வராதவர்கள், போலியோவுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் வருகிறார்கள்?” என்பதே மக்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். நியாயமான அக்கேள்விக்கு வெறும் பிரசாரம் விடையாகாது.

வாசலுக்கு வந்த சொந்த முகங்கள்

மாற்றம் 2003 வாக்கில் தொடங்கியது. யுனிசெஃப் நிறுவனமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, சேவை சென்றடையாத மக்களுக்கெனத் தனித் திட்டம் வகுத்தன. அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை அதில் இணைந்தன. உலமாக்களைச் சந்தித்து, அவர்களது ஐயங்களைக் கேட்டு, விளக்கம் அளித்தனர். ஆதரவு தெரிவித்த ஆலிம்களின் வேண்டுகோள்கள் அச்சிடப்பட்டு மக்களிடம் சென்றன. ஜும்ஆவுக்குப் பின்னும் முகாம் நாளின் காலையிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் அழைப்பு விடுத்தன. மதரஸாக்களில் முகாம்கள் அமைந்தன. இமாம்கள் தம் கையாலேயே பிள்ளைகளின் வாயில் சொட்டு மருந்தை விட்டனர்.

ஆனால் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். முகம் தெரியாத ஆண்கள் வீட்டுக்குள் வர இயலாது. பச்சிளம் குழந்தையோ உள்ளறையில் உறங்கிக்கொண்டிருக்கும். எனவே அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்கள் களப்பணியாளர்களாக அமர்த்தப்பட்டனர். காலப்போக்கில் அவர்கள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. தம் பகுதியின் ஒவ்வொரு வீட்டையும், ஒவ்வொரு குழந்தையையும், கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் அவர்கள் ஏட்டில் குறித்து வைத்தனர். ஞாயிறு முகாமுக்கு வராத பிள்ளைகளைத் தேடி அடுத்த நாட்களில் வீடு வீடாகச் சென்றனர். மருந்து பெற்ற பிள்ளையின் இடக்கைச் சுண்டு விரலில் மை இடப்பட்டது. விடுபட்ட வீட்டின் கதவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அக்குறி மாறும்வரை திரும்பத் திரும்ப வந்தனர். அப்பெண்களில் சிலர் மறுப்பையும் வசையையும் கேட்டுத் திரும்பினர், மறுநாளும் சென்றனர்.

நாளடைவில் அரசும் தாய்மாரின் கேள்விக்குச் செவிசாய்த்தது. 2009-இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மிகுந்த இடர் நிறைந்த 107 வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கே சொட்டு மருந்தோடு வேறு பணிகளும் சேர்ந்தன: வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், கைகழுவும் பழக்கம், தூய குடிநீர், கழிப்பறை, தாய்ப்பால், பிற தடுப்பூசிகள். 2010 ஜனவரியில் ஆற்றல் மிகுந்த இருவகை வாய்வழி மருந்தும் வந்தது.

2009-இல் 741 ஆக இருந்த பாதிப்பு 2010-இல் 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு நோய் கண்டது. நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை அதுவே. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு இரு தரப்பையும் கேள்வி கேட்கிறது. மக்களை இழிவுபடுத்திய அதிகாரம், பின்னாளில் நல்ல மருந்தைக் கொண்டுவந்தபோதும் நம்பப்படவில்லை. அந்தப் பழைய கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. மறுபுறம், அச்சம் எவ்வளவு நியாயமான காரணத்தால் பிறந்திருந்தாலும், அதற்கான விலையைக் கொடுத்தது மறுத்த பெரியவர்கள் அல்லர். ஊன்றுகோலோடு வளர்ந்த அவர்களது பிள்ளைகளே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

வதந்தி நம் வாசலுக்கும் வராமல் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய பொய்ச் செய்திகளைக் கண்டு எல்லாச் சமயத்துப் பெற்றோரும் தயங்கினர். முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. கேட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஆகவே ஐயம் எழுந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. பதில் சொல்லத் தக்க மருத்துவரிடம் கேட்போம். பகிரும் முன் விசாரிப்போம்.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடிய பணியும் இங்கே உண்டு. தடுப்பூசி நாளில் பள்ளிவாசல் வளாகத்தின் ஒரு பகுதியைத் திறந்துவிடலாம். வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு ஏற்ற நேரத்தை சுகாதார நிலையத்திடம் கேட்டுப் பெறலாம். நம் தெருவின் செவிலியர்களையும் ஆசிரியைகளையும் வீடுகளுக்கு அனுப்பலாம். அதே உரிமையோடு குடிநீரையும் சாக்கடை வசதியையும் நகராட்சியிடம் கேட்கலாம். மொராதாபாத்தின் சந்துகளில் ஏட்டைச் சுமந்து நடந்த பெண்கள் அதிகாரிகளும் அல்லர், ஆலிம்களும் அல்லர். அவர்கள் அத்தெருவின் மகள்கள். அதனால்தான் கதவு திறந்தது.