அஞ்சலிச் சுவரொட்டியும் வருகைப் பதிவேடும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பெண்களின் நீள்வாழ்வை எழுதுதல்

எண்பது வயதைக் கடந்த ஒரு பெண் இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இறந்தால், பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டுவிடும். நடுவில் படம், அதன் கீழே தோற்றமும் மறைவும். பிறகு மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரர்கள் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால் அதை ஒரு வரியில் போடுவார்கள். நூற்பாலையில் கோன் வைண்டிங் பார்த்தவருக்கும், சத்திரப்பட்டியில் தறிக்குத் தார் (ஊடை நூல்) சுற்றியவருக்கும், மாடு கட்டிப் பால் ஊற்றியவருக்கும் அந்த ஒரு வரி கிடைப்பதில்லை. நாற்பதாண்டு உழைப்பு குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்ற புகழ்ச்சிக்குள் கரைந்துவிடுகிறது.

இந்தப் புகழ்ச்சி பொய்யில்லை, போதாதது. உறவுப் பட்டியலிலிருந்து தொடங்கினால் அந்தப் பெண்ணின் வாழ்வு தியாகக் கதையாகவே முடியும். வேலை விட்டுச்சென்ற காகிதங்களிலிருந்து தொடங்கினால், எந்த வயதில் எதை ஏற்றார், எதை விட்டார், யாருக்காக விட்டார் என்பது தெரியவரும். குடும்பமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுவே.

வட்டாரத்தின் பொருளியல் இந்த வாதத்துக்கு இடம் தருகிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1930களில் இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலுக்கு அடியிட்டார். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யனாபுரம் ஊர்களில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கம் நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தொழில்களில் எதையும் பெண்ணின் கை படாமல் நினைத்துப்பார்க்க முடியாது.

நூற்பாலையை முதலில் பார்க்க வேண்டும். அங்குதான் பெண்ணின் நேரம் சட்டத்தால் அளக்கப்பட்டது. சென்னை மாகாணம் 1934லேயே பேறுகாலச் சலுகைச் சட்டம் இயற்றியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 66ஆம் பிரிவு பெண்களின் வேலையைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே அனுமதித்தது. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் பிறந்த விதி. ஆனால் மூன்று ஷிப்டிலும் எந்திரத்தை ஓட்ட விரும்பிய நிர்வாகத்துக்கு, இரவு ஷிப்டுகளான அரை நைட்டுக்கும் முழு நைட்டுக்கும் வராத, பேறுகாலத்தில் ஊதியத்துடன் விடுப்பு எடுக்கும் தொழிலாளி செலவாகத் தெரிந்தார். வைண்டிங், ரீலிங் பிரிவுகளில் பெண்கள் நீடித்தார்கள்; ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் வேலை பெரிதும் ஆண்களிடமே இருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரவு வேலைத் தடையைச் செல்லாததாக்கியது. அதன்பின் தமிழகத்து ஆலைகளில் பெண்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் வந்தவர்களில் பலர் விடுதியில் தங்கி, மூன்றாண்டு முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு திருமணத்துக்குப் போகும் இளம்பெண்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கடும் கண்டனத்துக்கு ஆளான முறை அது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. ஒரே ஆலையில் பிள்ளை பெற்று, வளர்த்து, பணி ஓய்வு வரை வேலை பார்த்த பெண் என்பவர் எல்லாக் காலத்துக்கும் பொதுவான உருவம் அல்லர். காப்பகமும் நிரந்தர வேலையும் தொழிற்சங்கமும் கொஞ்ச காலம் ஒன்றாக இருந்ததால் உருவான ஒரு தலைமுறை அவர். அவருடைய பேத்தி அதே வட்டாரத்தில் அதே எந்திரத்தின் முன் நின்றாலும், அவ்வளவு நீண்ட பணிக்காலம் அமைவது அரிது. பாட்டியின் பொறுமை பேத்திக்கு இல்லை என்று பேசுவோர் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

தறி வீட்டில் நிலைமை வேறு. அங்கே வருகைப் பதிவேடே கிடையாது. முன் அறையில் விசைத்தறி, பின்னால் அடுப்பு. கணவர் தறி ஓட்டுவார். நூலைத் தாராகச் சுற்றி எடுத்துவைப்பதும், அறுந்த இழையை முடிவதும் மனைவியின் பொறுப்பு. உலையில் அரிசி போட்டுவிட்டு நாலு தார் சுற்றுவார். சோறு பொங்கும் சத்தம் கேட்டால் எழுந்து போவார். கூலி துணியின் அளவுக்குத்தான். அது கணவர் பெயரில் எழுதப்படும். பால் தொழிலும் இதற்கு விலக்கல்ல: விடியுமுன் எழுந்து கறப்பவர் பெண், பல வீடுகளில் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை ஆணின் பெயரில். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வேலை பற்றிய கேள்வியிலேயே நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் அடங்கும் என்று வெளிப்படையாகச் சேர்த்தார்கள். 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தந்தார்கள். செய்த ஆண்கள் தந்தது 97 நிமிடம். தார் சுற்றும் நேரம் இந்த 299 நிமிடத்தில் சேராது. அது அதற்கு மேல்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அந்தப் பெண்களே தங்களைத் தொழிலாளியாகச் சொல்லிக்கொள்ளாமல் அம்மாவாக, ஆச்சியாகச் சொல்லிக்கொள்ளும்போது, ஆய்வாளர் வேறு அடையாளத்தைத் திணிக்கலாமா? மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் பேசுவதைக் கூர்ந்து கேட்டால், மூத்த மகனின் படிப்பும் மகளின் கல்யாணமும் போனஸ், சீட்டு, நகைக்கடன் என்ற கணக்கோடுதான் வரும். தாய்மையையும் சம்பாத்தியத்தையும் அவர்கள் பிரித்துப் பேசுவதில்லை; பிரித்தது சுவரொட்டி. வேலையைச் சேர்த்து எழுதுவது அவர்கள் பேச்சுக்கு நெருக்கமாகப் போவதே.

ஆவணம் கிடைப்பது யாருக்கு என்பதும் கவனிக்க வேண்டியது. எடுத்துக்காட்டாக, டாக்டர் டி. எஸ். சௌந்தரம் (1904-1984) சிறுவயதில் மணமாகி, கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, 1940இல் ஜி. ராமச்சந்திரனை மணந்து, 1947இல் அவருடன் காந்திகிராம நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வாழ்வை எழுத நமக்கு நிறுவனம் இருக்கிறது, சட்டமன்ற, நாடாளுமன்றப் பதிவுகள் இருக்கின்றன. தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் என்பதும் அந்த வழியைத் திறந்தது. மில்லுக்குப் போன சமுசிகாபுரத்துப் பெண்ணுக்கு மிஞ்சுவது இ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகம், இன்னார் மனைவி என்று எழுதிய கிரயப் பத்திரம். இவற்றோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தின் பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1989இல் தமிழ்நாடு பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தபோது, அதற்குமுன் மணமான பெண்களை விலக்கியது. 2005இன் மத்தியத் திருத்தம்தான் அந்த விலக்கை நீக்கியது. எழுபதுகளில் மணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை கேட்க முதுமை வரை காத்திருக்க நேர்ந்தது.

இவற்றுள் முதலில் தேட வேண்டியது வைப்புநிதியைத் திரும்பப் பெற்ற விண்ணப்பம் என்பேன். வேலையை விட்டவர் பணம் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது வைப்புநிதித் திட்டத்தின் விதியாக இருந்தது; திருமணத்துக்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. சலுகையாகத்தான் வைத்தார்கள். அப்படி எடுத்தவரின் பணிக்காலக் கணக்கு அங்கேயே முடிந்தது. பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி மில்லுக்குப் போனவர் முதல் நாளிலிருந்து தொடங்கினார். 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம் பத்தாண்டுப் பணி கேட்கிறது. இரண்டு துண்டாக உழைத்த பல ஆண்டுகள், எந்தத் துண்டும் பத்தை எட்டாததால், 2014 முதல் நடைமுறையில் உள்ள மாதம் 1000 ரூபாய் என்ற குறைந்தபட்ச ஓய்வூதியத்தைக்கூடத் தராமல் போகும். விலகியதற்கான காரணம் அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். கீழே அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும்.