வடக்கு இருண்ட நாளில் தெற்கு ஏன் அணையவில்லை?

2012 ஜூலை 31, மதியம் ஒரு மணி வாக்கில் டெல்லியில் இருந்த நண்பன் போன் பண்ணினான். "மெட்ரோ எல்லாம் நின்னுடுச்சு, ஊரே இருட்டு" என்றான். "எங்களுக்கு இது வருஷம் பூரா நடக்குது" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மண்டலங்கள் ஒன்றாக அணைந்தன. ஏறத்தாழ 60 கோடிப் பேர் வாழும் பரப்பு அது. தமிழ்நாட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை காற்று மாசம், காற்றாலை புண்ணியத்தில் வெட்டு குறைவு. அதே வருஷம் அக்டோபர், நவம்பரில் பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

ரொம்ப நாள் கழித்து இதைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான் புரிந்தது. ஜூலையில் நம்மைக் காப்பாற்றியதும் நவம்பரில் நம்மைத் தவிக்கவிட்டதில் பெரும் பங்கு வகித்ததும் ஒரே விஷயம்தான். தெற்கு அப்போது தேசிய கிரிட்டோடு முழுசாகச் சேரவில்லை.

ஒரு கிரிட்டில் இருக்கும் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் சுழலும். நம் நாட்டில் அது விநாடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். 2006 ஆகஸ்டுக்குள் மற்ற நான்கு மண்டலங்களும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. தெற்கு மட்டும் தனித் தாளம். இரண்டுக்கும் நடுவே முக்கியமாக மூன்று கதவுகள்: ஒடிஷாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வரும் டி.சி. லைன் 2,500 மெகாவாட், பத்ராவதி 1,000, காஜுவாக்கா 1,000. டி.சி. வழியாகக் கரண்ட் போகும், தாளம் போகாது. அதனால் அந்தப் பக்கம் விழுந்தால் இந்தப் பக்கம் ஆட்டம் காணும், ஆனால் கூடவே விழாது. ஆனால் சத்தீஸ்கரில் மலிவாகக் கரண்ட் கிடைத்தாலும் கதவு அகலத்துக்கு மேல் வாங்க முடியாது. தால்ச்சர் லைனிலும் பெரும்பகுதி அங்குள்ள என்.டி.பி.சி. நிலையத்தில் தெற்குக்கு ஒதுக்கிய பங்குக்கே போய்விடும். மின்சாரச் சந்தையில் தெற்குக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரிந்ததற்குக் காரணம் இந்த நெரிசல்தான்.

சரி, இந்தக் கதவெல்லாம் யாருடையது?

ஆரம்பத்தில் எல்லாம் மாகாணத்துடையது. பைகாரா 1932, மேட்டூர் 1937 எல்லாம் சென்னை மாகாண அரசின் வேலை. 1948 சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழி போட்டது. 1964-ல் நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்தார்கள். 1975-க்குப் பிறகு என்.டி.பி.சி., என்.எச்.பி.சி. போன்ற மத்திய நிறுவனங்கள் நிலையங்களைக் கட்டின, அவற்றிலிருந்து கிளம்பும் லைன்களையும் அவையே வைத்திருந்தன. 1989-ல் லைன்களுக்கென்றே ஒரு கம்பெனி வந்தது. 1992-ல் அதற்குப் பவர்கிரிட் என்று பெயர் மாற்றினார்கள். என்.டி.பி.சி.யின் லைன்கள், நெய்வேலியின் லைன்கள்கூட, தனித்தனிச் சட்டம் போட்டு அதன் கைக்கு மாற்றப்பட்டன. இன்றும் அதில் பாதிக்குச் சற்று மேல் பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. மீதி பங்குச்சந்தையில்.

லைன் போட்டால் நஷ்டம் வராத ஏற்பாடு அது. 1998-ல் அமைந்த மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செலவைச் சரிபார்த்து, முதலில் 30 சதவீதத்தைச் சொந்தப் பணமாகக் கணக்கிட்டு, அதன் மேல் லாபம் அனுமதிக்கும். 2009 விதிகளில் அது 15.5 சதவீதம். கொடுப்பது மாநிலங்கள், கடைசியில் நம் பில்.

ஆனால் கம்பியின் சொந்தக்காரர் யார் என்பதைவிட, கம்பியில் எவ்வளவு இழுக்கலாம் என்று யார் சொல்வது என்பதுதான் பெரிய சண்டை. தொண்ணூறுகளில் தெற்கு மண்டலத்தின் தாளம் மாலை நேரத்தில் 48-க்குப் பக்கத்திலும் அதற்குக் கீழேயும் போகும். எல்லா மாநிலமும் தன் பங்குக்கு மேல் உறிஞ்சின. பெங்களூரிலிருந்த மண்டலக் கட்டுப்பாட்டு மையம் போன் போட்டு "குறையுங்க" என்று கெஞ்சும். குறைக்கிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை, அவன் ஊரில்தான் திட்டு விழும். அப்புறம் யார் குறைப்பார்கள்?

இதற்கு வந்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பானு பூஷண் என்ற பொறியாளர் முன்னின்று உருவாக்கியது. ஒரு நாளை 15 நிமிஷமாக 96 துண்டாக்கு. முதல் நாளே ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு எடுக்கும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதிலிருந்து விலகினால், அந்த நேரத்துத் தாளத்தைப் பார்த்து விலை. தாளம் 50.5-ல் இருந்தால் கூடுதலாக எடுப்பது இலவசம். 49.02-க்கு இறங்கினால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. போலீஸ் வேண்டாம், மீட்டர் போதும். 2003 ஜனவரி 1 முதல் தெற்கில் இது அமலானது, தாளமும் சீக்கிரமே நிமிர்ந்தது.

2012-ல் இதே வைத்தியம் கைகொடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் விழுவதற்கு முன் தாளம் மோசமில்லை, 49.7, 49.8 என்றுதான் இருந்தது. வடக்கு அளவுக்கு மேல் இழுத்தது, மேற்கு எழுதிக் கொடுத்ததைவிடக் குறைவாக எடுத்தது. மொத்தக் கணக்கு சமமாக இருந்ததால் விலை உறுத்தவில்லை. நடுவே இருந்த பீனா–குவாலியர் லைன் மட்டும் திணறியது. கடைசியில் பாதுகாப்பு ரிலே அந்தச் சுமையைப் பழுது என்று நினைத்து லைனை அறுத்துவிட்டது. லைனில் பழுதே இல்லை என்கிறது விசாரணைக் குழு. மண்டல மையங்கள் முன்கூட்டியே மாநிலங்களிடம் சொல்லியிருந்தன, போதுமான அளவு யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன தண்டனை? 2003 சட்டத்தின் 29-வது பிரிவுப்படி அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்தின் மின்சாரச் செலவோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டு மையங்களை நடத்திய கம்பெனி அன்று பவர்கிரிட்டின் துணை நிறுவனம். ரோட்டுக்காரனே டிராபிக் போலீசுக்கும் முதலாளி. இதைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு 2012-க்கு முன்பே இருந்தது. 2010-ல் துணை நிறுவனமாகப் பாதி பிரித்தார்கள். முழுசாகத் தனி அரசு நிறுவனமானது 2017 ஜனவரியில்தான். இப்போது அதன் பெயர் கிரிட் இந்தியா. எங்கே புது லைன் வேண்டும் என்று திட்டமிடும் அமைப்பு 2021-ல் தனிக் கம்பெனி ஆனாலும், இன்னும் பவர்கிரிட்டுக்கு முழுச் சொந்தம். புது லைன் ஏலத்தில் பவர்கிரிட்டும் ஒரு போட்டியாளர். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெற்கின் கதைக்கு வருவோம். 2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் நடுவே 765 கே.வி. லைன் உயிர்பெற்றது. நாடு முழுக்க ஒரே தாளம். பக்கத்திலேயே இன்னொரு லைனை ஏலத்தில் ஜெயித்த தனியார் கூட்டணி 2014-ல் முடித்தது. இணைந்த மறுநாளே கரண்ட் கொட்டிவிடவில்லை. இவ்வளவு பெரிய இரண்டு கிரிட்டை ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால், ஒரு சின்ன அதிர்ச்சியும் அந்த லைன் வழியாகத்தான் பாயும். அதனால் முதலில் கொஞ்சமாகத்தான் அனுமதித்தார்கள், பிறகு லைன் லைனாகச் சேர்த்து அகலப்படுத்தினார்கள்.

அதில் பெரியது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் 800 கே.வி. டி.சி. லைன். 6,000 மெகாவாட், 2020-21-ல் ஓட ஆரம்பித்தது. கொங்குப் பகுதி விவசாயிகள் டவருக்கு எதிராகப் போராடியது நினைவிருக்கும். டவர் நிற்கும் நிலத்தைக் கம்பெனி வாங்குவதில்லை. 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டம் வழியாக எடுத்துக்கொண்டு, இழப்பீடு கொடுத்துவிட்டு லைன் இழுக்கலாம். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை மட்டும் வைக்க முடியாது.