பங்கு யாருடையது?

மலாக்கா தோட்டப்புறத்தில் பொறியியல் படிக்கிற பையனுக்கு எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பெட்ரோனாஸ்ல எடுத்துட்டாங்கன்னா கவலையே இல்ல தம்பி." சுங்கை ஊடாங் சுத்திகரிப்பு ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கும் அதுதான் கனவு. அதனால்தான் சூடான் எனக்குத் தூரத்து ஊராகப் படவில்லை.

1997இல் சூடான் எண்ணெய் வயல்களுக்காக அமைந்த கூட்டு நிறுவனத்தில் பெட்ரோனாஸுக்கு 30 விழுக்காடு. கனடாவின் டலிஸ்மன் பிறகு 25 விழுக்காட்டோடு சேர்ந்தது. எண்ணெய்ப் பணம் அரசின் போருக்குப் போகிறது என்று எதிர்ப்பு வலுக்கவே, 2003இல் விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கியது யார்? இந்திய அரசின் ஓஎன்ஜிசி. அதே ஆண்டு டார்ஃபூரில் படுகொலை தொடங்கியது.

2006 மார்ச்சில், மாணவர்கள் கொடுத்த நெருக்கடியால், சூடானோடு தொழில் செய்த 9 நிறுவனங்களிலிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது.

2013 மார்ச்சில் ஈழப் படுகொலைக்கு நீதி கேட்டு லயோலா கல்லூரி மாணவர்கள் 8 பேர் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். போராட்டம் பரவியது, அரசு கல்லூரிகளை மூடியது. இலங்கைமீது பொருளாதாரத் தடை கேட்டு சட்டமன்றம் 2011லேயே தீர்மானம் போட்டிருந்தது. தடை விதிக்கும் அதிகாரமோ டெல்லியிடம். கலிபோர்னியா மாணவர்களுக்கு நெருக்கிப் பிடிக்க ஒரு முதலீடு இருந்தது. இவர்களிடம் பட்டினி கிடக்க உடம்புதான் இருந்தது.

ஒருத்தர் விற்றால் இன்னொருத்தர் வாங்கத்தானே போகிறார் என்பார்கள். டலிஸ்மன் கதை அதைத்தான் காட்டுகிறது. ஆனால் வாங்குகிறவர் நம்மவர் என்றால் கேள்வி நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாதாமாதம் என் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. அது எங்கே முதலீடாகிறது என்று கேட்க நான் மாணவனாக இருக்கவேண்டியதில்லை.