எடுக்காத மேலதிகப்பற்றுக்கும் பணம் கட்ட வேண்டுமா?

வங்கியில் மேலதிகப்பற்று வசதியை, அதாவது வியாபாரிகள் சொல்லும் 'ஓ.டி.'யை, ஒழுங்குசெய்து வைத்துவிட்டு அதைத் தொடாமலே இருந்தால் செலவு உண்டா? கடன் பிரச்சினைகள் பற்றி எழுதுவதற்காக வன்னிப் பக்கம் போகும்போது சிறு வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வட்டி இல்லை, ஆனால் செலவு இருக்கலாம் என்பதே சுருக்கமான பதில்.

வட்டி எப்போது தொடங்கும்?

மேலதிகப்பற்று என்பது நடைமுறைக் கணக்கோடு சேர்ந்த வசதி. கணக்கில் உள்ள காசு முடிந்த பிறகும், வங்கி ஒப்புக்கொண்ட எல்லைவரை காசோலை எழுதலாம். சாதாரண கடனில் காசு கைக்கு வந்த நாளிலிருந்தே முழுத்தொகைக்கும் வட்டி ஓடும். இதில் அப்படியல்ல. எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி.

ஓர் உதாரணம்: உங்கள் எல்லை 5 இலட்சம் ரூபா, ஆண்டு வட்டி 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 2 இலட்சத்தை 10 நாட்களுக்கு எடுத்தால் வட்டி ஏறத்தாழ 767 ரூபா. எடுக்காத 3 இலட்சத்துக்கு வட்டி கிடையாது.

வட்டிக்கு வெளியே உள்ள செலவுகள்

வசதியை வழங்கும்போது வங்கி விண்ணப்பக் கட்டணம் அறவிடலாம். பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கட்டணம் வரலாம். சில ஒப்பந்தங்களில் பயன்படுத்தாத பகுதிக்கென்றே ஒரு கட்டணம் இருக்கும். அது ஆண்டுக்கு 1 வீதம் என்றால், தொடாத 5 இலட்சத்துக்கு 5,000 ரூபா போய்விடும்.

காணியை ஈடு வைத்தால்

காணியை ஈடு வைத்துப் பெறும் வசதியில் செலவு இன்னும் கூடும். மதிப்பீட்டாளருக்கு, சட்டத்தரணிக்கு, ஈட்டைப் பதிவதற்கு என்று ஒரு ரூபாகூட எடுக்க முன்னரே காசு போகும். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் முதலில் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க அலைய வேண்டும். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் காணியை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டிவரும்.

காசை எடுக்காவிட்டாலும் ஈடு ஈடுதான். வங்கி அதை விடுவிக்கும்வரை அந்தக் காணியைப் பிள்ளைக்குச் சீதனமாக எழுதவோ விற்கவோ போனால் ஈடு குறுக்கே நிற்கும். பிணை நின்றவரின் கையொப்பமும் அதுவரை கட்டுப்பட்டிருக்கும். என் பார்வையில், தொடாத மேலதிகப்பற்றின் மிகப் பெரிய விலை இதுதான்.

இன்னும் இரண்டு விடயங்கள்

இந்த வசதி கொடுகடன் தகவல் பணியகத்தின், அதாவது 'கிரிப்'பின், பதிவிலும் சேரும். வேறு கடன் கேட்கும்போது, எடுக்காத எல்லையையும் வங்கி கணக்கில் எடுக்கக்கூடும்.

அடுத்தது, வட்டி வீதம் பெரும்பாலும் மாறக்கூடியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்கு முன்னர் பேசிய வீதத்தை நம்பி, பிறகு காசு எடுத்தவர்களுக்குக் கணக்கே மாறிப்போனது.

கையொப்பமிட முன்னர் கேளுங்கள்

- பயன்படுத்தாத தொகைக்குக் கட்டணம் உண்டா? எத்தனை வீதம்?
- ஆண்டுப் புதுப்பிப்புக்கு எவ்வளவு?
- எல்லையை மீறினால் அபராத வட்டி என்ன?
- வசதியை நிறுத்தினால் ஈட்டை விடுவிக்கும் செலவு யாருடையது?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தக் கேளுங்கள். வசதி இனித் தேவையில்லை என்றால் சும்மா விட்டுவிடாமல், நிறுத்தும்படி கடிதம் கொடுத்து, ஈட்டை விடுவித்து, அதைக் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். வங்கியுடன் பிணக்கு வந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.