இடமிருந்தால்: விமான ஊழியர் பயணச் சலுகையின் வரலாறு

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் இந்தியப் பெருநகர விமான நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். செக்-இன் கவுண்டருக்குச் சற்றுத் தள்ளி, வரிசையில் சேராமல், ஒரு குடும்பம் ஒதுங்கி நின்றுகொண்டிருக்கும். அவர்களிடம் பயணச்சீட்டு உண்டு. இருக்கை எண் இல்லை. அந்த விமான நிறுவனத்திலேயே பணிபுரியும் ஒருவரின் பெற்றோராகவோ, வாழ்க்கைத் துணையாகவோ, பிள்ளைகளாகவோ அவர்கள் இருப்பர். கவுண்டர் மூடப்படும் வேளையில், பணம் கொடுத்துப் பதிவு செய்தோர் அனைவரும் வந்துவிட்டனரா என்று பார்த்த பின்னரே அவர்களுடைய பெயர் அழைக்கப்படும், அல்லது அழைக்கப்படாது.

தொழில் வழக்கில் இச்சீட்டுக்குச் 'சப்லோ' என்று பெயர். 'சப்ஜெக்ட் டு லோட்' என்னும் தொடரின் சுருக்கம் அது. இடமிருந்தால் மட்டுமே செல்லும் என்பது பொருள். அமெரிக்க வழக்கில் இதே பயணி 'நான்-ரெவ்', அதாவது வருவாய் தராதவர். முதற்பெயர் நிபந்தனையைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் நிறுவனத்தின் கணக்கேட்டில் அவருக்குரிய இடத்தைச் சொல்கிறது. இவ்விரு சொற்களுக்கும் பின்னால் ரயில்வேக் காலத்திலிருந்து தொடரும் ஒரு வரலாறு உண்டு. காலி இருக்கையை நம்பிப் பிறந்த ஒரு சலுகை, காலி இருக்கையே அரிதாகிவிட்ட காலத்திலும் ஊதியத்தின் ஒரு பகுதியாக எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதே அவ்வரலாறு எழுப்பும் கேள்வி.

இச்சலுகையின் வேர் விமானத்தில் இல்லை, ரயில்வேயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரயில் நிறுவனங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நீதிபதிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இலவசப் 'பாஸ்' வழங்கின. அது செல்வாக்கை விலைக்கு வாங்கும் வழியாக இருந்தது. கட்டணமின்றி வருபவரைக் குறிக்க 'டெட்ஹெட்' என்னும் சொல் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கலாயிற்று. நாடக அரங்கில் இலவசமாய் நுழைவோரைச் சுட்டிய அச்சொல் ரயிலுக்கும் பரவியது. 1887இல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடை வணிகச் சட்டமும் அதனை வலுப்படுத்திய 1906ஆம் ஆண்டின் ஹெப்பர்ன் சட்டமும் இவ்விலவசங்களைக் கட்டுப்படுத்தின. ஆனால் ஹெப்பர்ன் சட்டம் ரயில்வே ஊழியர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் விலக்களித்தது. செல்வாக்குடையோர்க்கு வழங்கினால் கையூட்டு, உழைப்போர்க்கு வழங்கினால் உரிமை என்னும் வேறுபாடு இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

விமானத்துறை இவ்வேறுபாட்டை அப்படியே பெற்றுக்கொண்டது. 1938ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமை வான்பயணச் சட்டம், விமான நிறுவனங்கள் தம் இயக்குநர்க்கும் அலுவலர்க்கும் ஊழியர்க்கும் நெருங்கிய குடும்பத்தினர்க்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பயணம் அளிப்பதை அனுமதித்தது; நிறுவனங்கள் இத்தகைய சீட்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளவும் இடமளித்தது. ஒரு நிறுவன ஊழியர் மற்றொரு நிறுவன விமானத்தில் பத்தில் ஒரு பங்குக் கட்டணத்தில் செல்ல வழிசெய்யும் 'ஐடி-90' சீட்டும், தொலைவு மண்டலத்தைக் கொண்டு கட்டணம் வகுக்கும் 'செட்' உடன்பாடும் பிற்காலத்தில் இம்மரபில் வந்தவை.

அன்றைய பொருளாதாரச் சூழலும் இச்சலுகைக்கு ஏற்றதாக இருந்தது. அமெரிக்காவில் கட்டணங்களைக் குடிமை வான்பயண வாரியமே கட்டுப்படுத்தியது. விலையில் போட்டியிட இயலாத நிறுவனங்கள் அடிக்கடி விமானம் விடுவதிலும் உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. விளைவு, விமானங்கள் காலியாகப் பறந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களில் சராசரியாக இருக்கைகளில் பாதியளவே நிரம்பின. இருக்கை என்பது சேமித்து வைக்கக்கூடிய சரக்கன்று; விமானம் புறப்பட்ட கணத்தில் அதன் மதிப்பு முற்றும் அழிந்துவிடும். வீணாகப் போவதை ஊழியருக்கு அளிப்பதில் நிறுவனத்துக்கு இழப்பில்லை. ஊழியருக்கோ அது பெரும் பேறு. இருவருக்கும் நன்மை தந்த அவ்வேற்பாட்டின் ஆதாரம் ஒன்றே: காலி இருக்கை.

அந்தக் காலி இருக்கையை விற்கும் கலை மெல்ல வளர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' கணினிப் பதிவு முறை 1964இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. எந்த விமானத்தில் எத்தனை இடம் எஞ்சியுள்ளது என்பது உடனுக்குடன் தெரியலாயிற்று. 1966இல் அதே நிறுவனம் இளைஞர்க்குப் பாதிக் கட்டணத்தில் காத்திருப்புப் பயணத்தை அறிமுகம் செய்தது. ஊழியர் நின்ற வரிசையில் அதன்பின் கல்லூரி மாணவரும் வந்து நின்றனர். 1972இல் பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தைச் சேர்ந்த கென்னத் லிட்டில்வுட் ஓர் எளிய விதியை முன்வைத்தார். பிறகு முழுக் கட்டணத்தில் ஒருவர் வருவதற்கான நிகழ்தகவை அக்கட்டணத்தால் பெருக்க வேண்டும். அத்தொகையைவிடக் குறைந்த கட்டணம் சிறியதாகாத வரையில் குறைந்த கட்டணப் பயணியை ஏற்றுக்கொள்ளலாம். இன்றைய வருவாய் மேலாண்மை இவ்விதியிலிருந்து வளர்ந்தது. 1977இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 'சூப்பர் சேவர்' கட்டணங்கள் வந்தன. 1978 அக்டோபரில் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் வந்தது. முன்பு பாதியளவே நிரம்பிய விமானங்கள் 2010களில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பின. இந்திய உள்நாட்டு விமானங்களிலும் இன்று 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு.

நூற்றில் பதினைந்து இடம் எஞ்சுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். சராசரி என்பது ஏமாற்றும் எண். 180 இருக்கை கொண்ட விமானத்தில் 85 விழுக்காடு நிரம்பினால் 27 இடம் காலி. ஆனால் அந்த 27 இடங்கள் எல்லா நாளும் ஒரே சீராக அமைவதில்லை. வேலைநாளின் நண்பகல் விமானத்தில் 60 இடம் காலியாக இருக்கும். பண்டிகைக்கு முந்தைய மாலை விமானத்தில் ஒன்றுகூட இராது. ஊழியரின் பெற்றோர் ஊருக்குப் போக விரும்புவதோ அந்த மாலையில்தான். நெரிசல் காலத்தில் ஒரு விமானம் ரத்தானால் நிலை மேலும் மோசமாகும். அதன் பயணிகள் அடுத்தடுத்த விமானங்களின் எஞ்சிய இடங்களை எல்லாம் நிரப்புவர். காலையில் 'இருபது இடம் உண்டு' என்று திரையில் கண்டவர் மாலையில் காத்திருப்போர் பட்டியலின் அடியில் இருப்பார்.

மிகைப்பதிவு முறையும் இதே கணக்கைச் சார்ந்தது. வராமற்போவோரை எதிர்பார்த்து, இருக்கைகளைவிடக் கூடுதலாகச் சீட்டு விற்பது நிறுவனங்களின் வழக்கம். 1972 ஏப்ரலில் நுகர்வோர் உரிமையாளர் ரால்ஃப் நேடருக்கு அலகெனி ஏர்லைன்ஸ் விமானத்தில் இவ்வாறு இடம் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1976இல் தீர்ப்பைப் பெற்றது. பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இலேயே கூறியிருந்த வழியைத் தழுவி, இழப்பீடு பெற்றுக்கொண்டு தாமாக இறங்க முன்வருவோரை முதலில் தேட வேண்டும் என்னும் விதி 1978இல் வந்தது. பணம் கொடுத்த பயணிக்கு இவ்வாறு சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அவருக்கும் பின்னால் நிற்கும் சலுகைப் பயணிக்கு அத்தகைய இழப்பீடு ஏதுமில்லை.

இவ்விடத்தில் வரிச் சட்டத்தின் சொற்கள் கவனத்துக்குரியவை. 1984ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 'கூடுதல் செலவற்ற சேவை' என ஒரு வகையை வரையறுத்தது. நிறுவனம் பொதுமக்களுக்கு விற்கும் சேவையைத் தன் ஊழியருக்கு அளிக்கையில், குறிப்பிடத்தக்க கூடுதல் செலவு நேராவிடின், அது வரிக்குரிய வருமானமாகாது. வரவிருந்த வருவாயை இழப்பதும் செலவாகவே கொள்ளப்படும். விமான ஊழியரின் பெற்றோரும் இச்சலுகைக்குள் அடங்குவர். இந்தியாவிலும் 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் மூன்றாம் விதியில் இதற்கிணையான விலக்கு இடம்பெற்றது. போக்குவரத்து நிறுவனம் தன் ஊழியர்க்கு அளிக்கும் இலவசப் பயணம் வரிக்குரியது என்று பொதுவாகக் கூறிய அவ்விதி, விமான நிறுவன ஊழியர்க்கும் ரயில்வே ஊழியர்க்கும் அது பொருந்தாது என்று விலக்களித்தது.

அமெரிக்க வரையறையின் தருக்கம் கூர்மையானது. அந்த இருக்கையை வேறொருவருக்கு விற்க முடியும் என்றால், அதனை அளிப்பது 'கூடுதல் செலவற்றது' ஆகாது. ஆகவே எவரும் விரும்பாத நாளில் மட்டுமே அச்சலுகை அவ்வகைக்குள் அடங்கும். எல்லோரும் விரும்பும் நாளில் அது விலகிவிடும். பண்டிகை நாளில் ஊழியர் ஏமாறுவதைத் தற்செயலான குறை என்று கொள்வதற்கில்லை. அச்சலுகையின் வரையறையே அதுதான். சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. வரி அலுவலரிடம் 'இதற்கு விலையில்லை' என்று சொல்லப்படும் அதே இருக்கை, வேலைக்கு ஆள் சேர்க்கும்போது 'உலகமெங்கும் பறக்கலாம்' என்னும் உறுதிமொழியாக மாறுகிறது. குறைந்த தொடக்க ஊதியத்தை ஏற்றுக்கொள்ளும் இளைஞர் அவ்வுறுதிமொழியையும் ஊதியமாகவே எண்ணிக்கொள்கிறார்.

இடம் குறையக் குறைய, வரிசையின் விதி பெரும் வினாவாயிற்று. டெல்டா நிறுவனம் பணிமூப்பை முதன்மையாகக் கொள்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யார் முதலில் செக்-இன் செய்தார் என்பதைப் பார்க்கிறது. பணிமூப்பு நீண்ட உழைப்பை மதிக்கிறது. புதியவரோ பல்லாண்டு பட்டியலின் அடியிலேயே கிடக்க நேர்கிறது. முந்தியவர்க்கு முன்னுரிமை என்பது சமமாகத் தோன்றினும், சரியான நிமிடத்தில் திரைமுன் அமர இயலாத பணியில் இருப்பவரை அது தண்டிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான விவாதம், பற்றாக்குறையை எவ்வாறு பகிர்வது என்னும் பழைய அறவியல் விவாதமே.

காத்திருக்கும் ஊழியர் குறை கூறவும் இயலாதவர். சலுகைச் சீட்டில் செல்பவர் நிறுவனத்தின் பிரதிநிதியாகக் கருதப்படுவதால், உடையிலும் நடத்தையிலும் தனி விதிகள் உண்டு. 2017 மார்ச்சில் டென்வரில், சலுகைச் சீட்டில் பயணம் செய்யவிருந்த இரு சிறுமியர், லெக்கிங்ஸ் அணிந்திருந்தமையால் யுனைடெட் விமானத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை. இரு வாரங்கள் கழித்துச் சிகாகோவில், பணிக்குச் செல்லவேண்டிய நான்கு விமானப் பணியாளர்க்கு இடமளிப்பதற்காக, பணம் கொடுத்த பயணி ஒருவர் இழுத்து வெளியேற்றப்பட்டார். பொதுமக்கள் இவ்விரு வகையினரையும் ஒன்றெனக் கருதினர். பணிக்காகச் செல்பவருக்குப் பயணியை இறக்கியேனும் இடம் தேடப்பட்டது; சொந்தப் பயணம் செல்பவர் அனைவருக்கும் கடைசி. பணிக்காகச் செல்வோரைக் குறிக்கும் இன்றைய தொழிற்சொல் 'டெட்ஹெட்' என்பது வியப்புக்குரியது. இலவசமாய் நுழைந்தவரைக் குறித்த சொல், கடமைக்காகப் பயணிப்பவர் மேல் வந்து அமர்ந்துவிட்டது.

இவ்வேற்பாட்டின் மிகக் கடுமையான விளைவு விடுமுறைப் பயணத்தில் வெளிப்படவில்லை. காலி இருக்கையை நம்பியே பல அமெரிக்க விமானிகள் பணித்தளத்திலிருந்து வெகுதொலைவில் குடியிருந்து, இலவசமாய்ப் பறந்து வேலைக்கு வருகின்றனர். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் உயிரிழந்தனர். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களின் கூடுதல் இருக்கையில் மெம்ஃபிஸ் வழியாக நெவார்க்கை அடைந்திருந்தார். விபத்துக்கு விமானத்தைக் கையாண்ட பிழையே காரணம் என்று விசாரணை கண்டது. விமானிகளின் செயல்திறனைக் களைப்புப் பாதித்திருக்கக்கூடும் என்றும், எவ்வளவு என்பதை அறுதியிட இயலாது என்றும் அது கூறியது. பணித்தளத்துக்கு அருகில் வாழப் போதாத ஊதியத்தை இலவச இருக்கை ஈடுசெய்யும் என்னும் எண்ணம் அவ்விசாரணையின்போது பொதுவெளியில் கேள்விக்குள்ளானது.

இந்திய ரயில்வே ஊழியரின் பாஸை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1986ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் பாஸ் விதிகளின்கீழ் அளிக்கப்படும் சலுகைப் பாஸ், ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டது. ஆனால் அதனைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். பதிவானபின் அவர் மற்றப் பயணியர் போன்றவரே. விமான ஊழியரின் சீட்டோ பல நிறுவனங்களில் தாராளமானது. எந்தச் சீட்டும் உறுதியானதன்று. முன்னது எண்ணிக்கையில் சிறிது, பொருளில் திண்ணம். பின்னது எண்ணிக்கையில் பெரிது, பொருளில் ஐயம். ஆண்டுக்குச் சில உறுதிச் சீட்டுகளையும் சேர்த்து வழங்கும் விமான நிறுவனங்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலம் அமைக்கின்றன.

தமிழில் 'இருந்தால்' என்பது நிபந்தனை எச்சம். முற்றுவினை வந்தாலன்றி வாக்கியம் முடியாது. விமான ஊழியரின் சலுகை அரை நூற்றாண்டாய் அந்த எச்சத்திலேயே நிற்கிறது. ஊதியப் பேச்சுவார்த்தையில் இச்சலுகைக்கு மதிப்பிடும்போது, ஆண்டு முழுவதும் எத்தனை இடம் காலியாயிற்று என்னும் சராசரியை மட்டும் காட்டுவது போதாது. தீபாவளிக்கு முந்தைய மாலையில் எத்தனை ஊழியர் குடும்பங்கள் ஊர் சேர்ந்தன, எத்தனை குடும்பங்கள் கவுண்டரிலிருந்து வீடு திரும்பின என்னும் எண்ணையும் சேர்த்தே அதன் மதிப்பைக் கணக்கிட வேண்டும்.