இடம்பெயரும் கூடு

பஞ்சாரம் என்பது இன்று அகராதிக்குள் ஒதுங்கிக்கொண்டிருக்கும் சொற்களுள் ஒன்று. மூங்கிற் பிளாச்சுகளால் மணி வடிவில் முடையப்பட்டு, அடிப்புறம் முழுவதும் திறந்திருக்கும் கூடை அது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குஞ்சு பொரித்த தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்துக்கும் காகத்துக்கும் எட்டாதவாறு அதனுள் வைப்பர். அவ்வாறு வைப்பதைக் குறிக்க 'அடைத்தல்' என்பதோடு 'கவிழ்த்தல்' என்ற வினையும் வழங்குகிறது. அந்த வினையிலேயே அக்கூட்டின் இயல்பு அடங்கியுள்ளது. பஞ்சாரத்திற்கெனத் தரை இல்லை. எந்த இடத்தில் கவிழ்க்கப்படுகிறதோ அந்த நிலமே அதன் தரை. காலையில் வேலியோரம், வெயில் ஏறினால் மரநிழல் என ஒரு கையால் தூக்கி வைத்துவிடலாம். மலாய்க் கம்பங்களில் இதனை ஒத்த கூடைக்குச் 'செர்காப்' என்று பெயர். இரவில் கோழிகள் அடைவதற்கு அங்கே 'ரெபான்' உண்டு. அது தூண்மேல் நிற்கும் நிலையான கூடு.

கோழிக்கூடு நகரவேண்டுமா, நிற்கவேண்டுமா என்பது தச்சர்க்கு மட்டும் உரிய வினாவாகத் தோன்றலாம். கோழி வளர்ப்பின் வரலாற்றை நோக்குமிடத்து, அந்த வினாவைச் சுற்றியே நோயும் மருந்தும், கூலியும் சந்தையும் சுழன்றிருப்பது புலனாகும்.

கோழி காட்டுத்தரையைக் கிளறி உண்ட பறவை. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. தானியம் விளைந்த நிலத்தை நாடி வந்த காட்டுக்கோழியே மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்பது அவ்வாய்வாளர் கருத்து. வந்த பறவையை ஒரே இடத்தில் பலவாக நிறுத்தியபோதுதான் இடர் தொடங்கிற்று. கிளறிக் கிளறிப் புல் அழிகிறது, எச்சம் குவிகிறது, எச்சத்தோடு குடற்புழுக்களின் முட்டைகளும், இரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் காக்சிடியா என்னும் நுண்ணுயிரின் கூடுகளும் மண்ணில் விழுகின்றன. இவ்வுயிர் எச்சத்தோடு வெளிவந்தவுடன் தீங்கு செய்வதில்லை. ஈரமும் வெப்பமும் வாய்த்த மண்ணில் ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே அடுத்த கோழியைத் தொற்றும் ஆற்றல் பெறுகிறது. கூட்டை நாள்தோறும் அதன் நீளத்தளவு நகர்த்தினால், எச்சம் முதிர்வதற்குள் கோழி புது நிலத்திற்குப் போய்விடுகிறது. இந்த உயிரின் பெயரையே அறியாத மக்கள் பஞ்சாரத்தை இடம் மாற்றியபோது, காரணம் தெரியாமலே பயனை அடைந்தனர்.

பெருந்தொகையில் இம்முறையைக் கையாண்டவர் என்ற வகையில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்து உழவர் நினைக்கத்தக்கவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிட்டில் காம்ப்டன் என்னும் கடலோர ஊரில், ஒரே பெருங்கொட்டகைக்கு மாறாக, வயல்வெளியில் ஒன்றுக்கொன்று எட்ட நின்ற சிறு மரக்கூடுகளில் கோழிகளைப் பிரித்து வைத்தனர். இவற்றிற்குக் 'காலனி வீடு' என்று பெயர். காலனி என்ற சொல் இந்நாட்டு வாசகருக்கு வேறு நினைவுகளை எழுப்பும். ஈண்டு அது சிறு குடியிருப்பு என்ற அளவில் நிற்கிறது. கூடுகள் தொலைவாக நின்றமையால் ஒவ்வொரு கூட்டத்துக் கோழியும் வேலியின்றியே தன் கூட்டைத் தேடி அடைந்தது. குதிரைவண்டியில் தீனியும் நீரும் கொண்டுபோய்க் கூடுதோறும் வைத்துத் திரும்புவர். அமெரிக்கப் பண்ணைகளில் இத்தகைய கூடுகளுக்கு அடியில் சறுக்குக் கட்டைகள் பொருத்தி, குதிரை பூட்டிப் புது நிலத்திற்கு இழுத்துச் செல்லும் வழக்கமும் பரவிற்று. 1909இல் வெளிவந்த மைலோ ஹேஸ்டிங்சின் 'தி டாலர் ஹென்' என்னும் நூல் லிட்டில் காம்ப்டன் உழவரின் எளிய முறையை வியந்து எடுத்துரைத்தது.

அந்த ஊருக்கும் இப்பகுதிக்கும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. லிட்டில் காம்ப்டனில் உருவான 'ரோட் ஐலண்டு ரெட்' என்னும் செந்நிறக் கோழியினத்தின் மூதாதையருள் ஒன்று, கடல்வழியாக வந்த செந்நிற மலாய்ச் சேவல். 1854ஆம் ஆண்டளவில் வில்லியம் டிரிப் என்பவர் அச்சேவலைப் பெற்றுத் தம் பெட்டைகளோடு சேர்த்தார் என்பது வழிவழிச் செய்தி. பெரும்பண்ணை நடத்திய ஐசக் வில்பர் அவ்வினத்திற்குப் பெயரிட்டவராகக் கருதப்படுகிறார். 1925இல் கோழிக்கு நினைவுக்கல் நாட்டினர். 1954இல் அதுவே மாநிலப் பறவையும் ஆயிற்று. மலாய்ப் பெயர் தாங்கிய சேவலின் வழித்தோன்றல்கள் வயலில் இழுத்துச் செல்லப்பட்ட கூடுகளில் வளர்ந்தன என்பதை இந்நாட்டுப் பள்ளிப் பாடநூல் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்.

அவ்வாறாயின் கூடு ஏன் நின்றது?

கோழியை ஆண்டு முழுவதும் கூரைக்குள் வைக்க அதுவரை இயலவில்லை. வெயில் படாத குஞ்சுகள் கால் வலுவிழந்து விழுந்தன. எலும்பு மெலிவு என்னும் அந்நோயைத் தீர்க்கும் பொருள் மீன்நெய்யில் உண்டு என மெக்கோலம் 1922இல் நிறுவினார்; அதுவே வைட்டமின் டி. விஸ்கான்சினில் ஸ்டீன்பாக் புறஊதா ஒளியால் உணவுக்கே அவ்வாற்றலை ஊட்டும் வழியைச் சில ஆண்டுகளுள் கண்டார். வெயிலை இனித் தீனியில் கலந்து கொடுக்கலாம் என்ற நிலை பிறந்தது. அதே வேளையில், 1923இல், டெலவேர் மாநிலத்து ஓஷன் வியூ என்னும் ஊரில் சிசில் ஸ்டீல் என்ற அம்மையார் 50 குஞ்சுகள் கேட்டெழுத, தவறுதலாக 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. பிழைத்த 387 கோழிகளை இறைச்சிக்கு விற்றுப் பெருவருவாய் கண்டார். 1926இல் அவர் கொட்டகை 10,000 கோழிகளைக் கொள்ளுமளவு பெருகியது. பதினாறடிச் சதுரமான அவரது தொடக்கக் கொட்டகை இன்று காட்சிப்பொருளாகப் பேணப்படுகிறது. நிலையான கூட்டுக்கு இருந்த இன்னொரு தடை இரத்தக் கழிச்சல். 1948இல் சல்பாகுவினாக்சலின் என்னும் மருந்தைத் தீனியிலேயே இடைவிடாது கலக்கும் முறை வந்ததும் அத்தடையும் விலகிற்று.

இங்கிலாந்தில் 'ஃபோல்டு யூனிட்' எனப்பட்ட, நாள்தோறும் புல்வெளியில் நகர்த்தும் சிறு கூடுகள் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைத்தன. அவற்றையும் இறுதியில் கூண்டுவரிசைகள் விழுங்கின. நகரும் கூடு தவறென்று எவரும் மெய்ப்பிக்கவில்லை என்பது கருதற்பாலது. வெயிலுக்கும் புதுமண்ணுக்கும் மாற்று கிடைத்தது. நாள்தோறும் கூட்டை இழுக்கும் ஆளின் கூலி மிச்சமாயிற்று. கணக்கு அவ்வளவே. அக்கணக்கில் கோழியின் வாழ்வு சேர்க்கப்படவில்லை என்பதை ரூத் ஹாரிசன் 1964இல் 'அனிமல் மெஷின்ஸ்' என்னும் நூலில் வெளிக்கொணர்ந்தார். பழைய வகைக் கூண்டுவரிசைகளை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக விலக்கியது 2012இல்.

கூடு மீண்டும் நகரத் தொடங்கியதற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஜோயல் சாலட்டின் பெயர் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1993இல் வெளியான நூலில் அவர் விளக்கிய கூடு பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் இரண்டே அடி, தரையற்றது. ஏறத்தாழ 75 இறைச்சிக்கோழிகள் அதில் வளரும். அடுத்த ஆண்டில் ஆண்டி லீயின் 'சிக்கன் டிராக்டர்' என்னும் நூல் வந்தது. கோழியே மண்ணைக் கிளறி உரமிடுவதால் உழுபொறியின் பெயர் கூட்டுக்கு வாய்த்தது.

இத்தகைய கூட்டைக் கட்டுவோர் ஒரு முரண்பாட்டோடு போராடவேண்டும். ஒருவர் இழுக்குமளவு அது இலகுவாக இருத்தல் வேண்டும். புயற்காற்று புரட்டாத அளவு கனமாகவும் இருத்தல் வேண்டும். உயரத்தைக் குறைத்தல் அதற்கு ஒரு விடை. காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆனால் உள்ளே குனிந்து கோழி பிடிப்பவரின் முதுகு அதற்கு விலை கொடுக்கிறது. விளிம்பு நிலத்தோடு படிந்தால்தான் மரநாய் நுழையாது. படிந்த விளிம்பை விரைந்து இழுத்தாலோ பின்தங்கிய குஞ்சின் கால் அகப்படும். ஆகவே மெல்ல மெல்லத்தான் நகர்த்தவேண்டும். சில நாளில் கோழிகள் கூட்டோடு சேர்ந்து நடக்கப் பழகிவிடுகின்றன. முன்னே புதுப்புல் உண்டு என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. மழைமிகு நாடுகளில் வேறொரு தொல்லை: நீர் தேங்கும் நிலத்தில் தரையற்ற கூடு ஒரே இரவில் சேற்றுக்குழியாகும். ரெபான் தூண்மேல் ஏறி நின்றதன் பொருள் இங்கே விளங்கும். கம்பத்தார் பகலில் கோழியைத் திறந்துவிட்டு, இரவில் மட்டும் உயரத்தில் காத்தனர்.

இவ்வளவு நலன் இருப்பினும் நகரும் கூட்டை மருந்துபோல் போற்றுவது பொருந்தாது. திறந்த வெளியில் காட்டுப்பறவையின் எச்சமும் விழும். எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2004 ஆகஸ்டில் கிளாந்தானில் கண்டறியப்பட்டபோது, கம்பத்துக் கோழிகளும் அழிக்கப்பட்டன. பிரிட்டனில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் அந்நோய் பெருகவே, வெளியில் மேய்ந்த கோழிகளையெல்லாம் கூரைக்குள் வைக்கும்படி அரசு ஆணையிட்டது. பதினாறு வாரத்திற்குமேல் அடைபட்ட கோழியின் முட்டையை 'வெளியில் மேய்ந்தது' என்று விற்க அன்றைய சட்டம் இடந்தரவில்லை. 2022 மார்ச் 21 முதல் அவை 'கொட்டகை முட்டை' என்ற குறிப்போடு கடைகளில் நின்றன. மே மாதத் தொடக்கத்தில் கதவுகள் திறக்கப்பட்டன. நவம்பர் 7ஆம் நாள் இங்கிலாந்தில் அவை மீண்டும் மூடப்பட்டன.